யாரோடு இருக்கிறேனோ அவராகவே ஆகிவிடுகிறேன்: இது பார்டர்லைனா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 24. யாரோடு நெருங்கிப் பழகுகிறீர்களோ அவர்களுடைய பேச்சு, ரசனை, கோபம், கொள்கை எல்லாம் சில வாரங்களிலேயே உங்களுடையதாகிவிடுகிறது. அவர்கள் விலகினால் அதெல்லாம் அவர்களோடு போய்விடுகிறது. ஐந்து ஆண்டுகளில் மூன்று படிப்பு மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறை புது ஆளாக மாறும்போதும் பழைய டைரியைக் கிழித்துப் போட்டு, பழைய படங்களையும் அழித்துவிடுகிறீர்கள். தனியாக இருக்கும்போது உள்ளே யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது. எங்கோ படித்ததில் 'பார்டர்லைன்' (பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்ற ஆளுமைக் கோளாறு) என்ற பெயர் கண்ணில் பட, "எனக்கு இருப்பது அதுதானா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "இத்தனைக்கும் அடியில் உண்மையான நான் என்று ஒருவர் இருக்கிறாரா?" நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்விக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்கு ஓரளவு முடியும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் மருத்துவ உளவியலாளர், பதினாறு ஆண்டுகளாக இதுதான் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் வயதுக்காரர்கள். மருந்து எழுதுவது என் வேலை இல்லை என்பதால் அதில் ஆய்வுகள் சொல்வதை மட்டும் சொல்வேன். ஒரு பதிவைப் படித்துவிட்டு ஒருவருக்கு ஆளுமைக் கோளாறு உண்டு, இல்லை என்று தீர்ப்பு சொல்பவரை நம்ப வேண்டாம், நான் உட்பட. நேரில் பார்த்தாலே இரண்டு மூன்று அமர்வு ஆகும். அதன் பிறகும் சில சமயம் "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்றுதான் எழுதிவைப்பேன்.

பெயரே பலரைக் குழப்புகிறது. 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர், நியூரோசிஸ் (பதற்றம் போன்ற மனக்கோளாறு) என்றும் சொல்ல முடியாமல் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) என்றும் சொல்ல முடியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்ற நோயாளிகளைக் குறிக்க 'பார்டர்லைன்' என்றார். அந்த எல்லைக்கோட்டை இன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதனால் 'நோய் வரப்போகிற நிலை' என்றோ 'லேசான நோய்' என்றோ நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 'ஸ்பிளிட் பர்சனாலிட்டி' என்று நினைக்கிறவர்களும் உண்டு. மூன்றுமே தவறு. 1967இல் ஓட்டோ கெர்ன்பெர்க் என்ற இன்னொரு உளப்பகுப்பாய்வாளர், இவர்களிடம் அடிப்படையில் சிதறிக் கிடப்பது 'தான் யார்' என்ற உணர்வுதான் என்று எழுதினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக ஏறியது.

இப்போதைய கையேட்டின்படி ஒன்பது அம்சங்களில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். கைவிடப்பட்டுவிடுவோம் என்ற தீவிர பயம், ஒருவரைத் தலையில் தூக்கி வைத்து மறுநாளே கீழே போடுகிற உறவுகள், நிலையில்லாத சுயபிம்பம், தனக்கே கேடாக முடிகிற அவசரச் செயல்கள், உடலைக் காயப்படுத்திக்கொள்வது அல்லது தற்கொலை முயற்சி, மணிக்கணக்கில் புரண்டுபோகும் மனநிலை, நீங்காத வெறுமை, அடக்க முடியாத கோபம், நெருக்கடி நேரத்தில் எல்லாரையும் சந்தேகிப்பது அல்லது தன்னிடமிருந்தே தான் விலகி நிற்பது போன்ற உணர்வு. உங்கள் பதிவில் சுயபிம்பமும் வெறுமையும் தெளிவாகத் தெரிகின்றன. மற்ற ஏழு அம்சங்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இல்லாததால் எழுதவில்லையா, எழுதக் கூச்சப்பட்டீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று: ஒன்பதில் ஐந்து என்று வைத்தால் 256 விதமாக இந்த நோய்க்குத் தகுதி பெறலாம். இந்தப் பெயரைப் பெற்ற இருவருக்கு இடையே ஒரே ஒரு அம்சம் மட்டும் பொதுவாக இருப்பதுகூடச் சாத்தியம். அதனால்தான் வேறு யாரோ ஒருவருடைய அனுபவத்தைப் படித்து "அப்படியே நான்தான்" என்று தோன்றுவதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்கிறேன்.

அடையாளக் குழப்பம் மட்டும் தனியாக இருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். அடையாளம் உருவாவதைப் பற்றி எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்ஸன் காலத்திலிருந்தே பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் ஆள் மாறி மாறிப் பார்ப்பது வளர்ச்சியின் ஒரு பகுதி என்றுதான் சொல்லிவருகிறார்கள். படிப்பை மாற்றியதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். சிறு வயதில் நீண்ட காலம் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களிடம் பார்டர்லைன் இல்லாமலே இது வரும். ஆட்டிசம் உள்ள சிலர் கூட்டத்தில் சேர்ந்து நிற்பதற்காக மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தே வளர்ந்திருப்பார்கள், ஒரு கட்டத்தில் தன் அசல் எது என்று அவர்களுக்கே மறந்துபோகும். மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோயிலும் 'அந்த நான் வேறு, இந்த நான் வேறு' என்ற பேச்சு வரும். ஆனால் அங்கே மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். பார்டர்லைனில் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஓடும், பெரும்பாலும் யாரோ ஒருவர் சொன்ன, அல்லது சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையைத் தொட்டுத்தான் தொடங்கும். இவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் நேரில் வரச் சொல்வது.

சரி, அடையாளக் குழப்பம் என்றால் என்ன? அலுவலகத்தில் ஒரு மாதிரி, நண்பர்களிடம் ஒரு மாதிரி, வீட்டில் இன்னொரு மாதிரி நடந்துகொள்வது எல்லாரும் செய்வதுதான், அதைக் குழப்பம் என்று சொல்ல மாட்டோம். 2000ஆம் ஆண்டில் டெஸ் வில்கின்ஸன்-ரயன், ட்ரூ வெஸ்டன் இருவரும் செய்த ஓர் ஆய்வு இதை நான்காகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பாத்திரத்துக்குள் அல்லது ஒரு கூட்டத்துக்குள் முழுசாகக் கரைந்துபோவது. தன்னைப் பற்றிய உணர்வு துண்டு துண்டாக இருந்து அதுவே வலிப்பது. பேச்சும் செயலும் நம்பிக்கையும் ஒன்றோடொன்று முரண்படுவது. வேலை, மதிப்பு, இலக்கு எதிலும் நிலைத்து நிற்க முடியாதது. இந்த நான்கில் பார்டர்லைனோடு மிக நெருக்கமாக ஒட்டியிருந்தது இரண்டாவது, அதாவது அந்த வலி. என் அனுபவமும் அதுதான். தினம் ஒரு கொள்கை பேசிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அவர்களை யாரும் என்னிடம் அனுப்புவதில்லை. உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது "உள்ளே யாருமே இல்லை" என்ற வரிதான். படிப்பை மூன்று முறை மாற்றியதைவிட அதற்கு எடை அதிகம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே நான் சொல்வதில் ஆய்வு பாதி, என் பார்வை பாதி. அடியில் புதைந்து கிடக்கும் 'உண்மையான நான்' ஒன்றைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி ஒன்றை யாரும் யாருக்குள்ளிருந்தும் எடுத்து நான் பார்த்ததில்லை. நிலையான அடையாளம் உள்ளவர்களிடம் இருப்பது ஒரு தொடர்ச்சி. நேற்று கோபப்பட்டது நான்தான், இன்று வெட்கப்படுவதும் நான்தான், இரண்டும் ஒரே ஆளுக்கு நடந்தது என்று எந்த முயற்சியும் இல்லாமல் அவர்களுக்குத் தெரிகிறது. பார்டர்லைனில் அறுந்து அறுந்து போவது இந்த இழைதான். கட்டிய பூக்கள் சரத்தில் நிற்காமல் உதிர்ந்துவிடுகின்றன, பூவுக்கு ஒன்றும் குறையில்லை, அறுவது நூல்தான்.

ஒருவரைச் சொல்கிறேன். பலரைச் சேர்த்து நான் உருவாக்கிய ஆள், தனி ஒருவர் இல்லை. திங்கட்கிழமை வந்தவர், "என் வாழ்க்கையிலேயே என்னைப் புரிந்துகொண்டது நீங்கள் மட்டும்தான்" என்கிறார். புதன்கிழமை அவர் அனுப்பிய செய்திக்கு நான் பதில் போடத் தாமதமாகிவிடுகிறது. வியாழக்கிழமை வந்து, "நீங்கள் ஒருநாளும் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதில்லை" என்கிறார். நடிப்பு, பிடிவாதம், வேலை வாங்கும் தந்திரம் என்று வீட்டிலும் சில மருத்துவமனைகளிலும் இதற்குப் பெயர் வைப்பார்கள். அப்படி இல்லை. வியாழக்கிழமை மனநிலையில் இருக்கும்போது திங்கட்கிழமையின் அந்த உணர்வு அவருக்குக் கைக்கே எட்டவில்லை. நடந்தது நினைவிருக்கும், சூடு இருக்காது. அவர் திங்கட்கிழமை சொன்னதை என் குறிப்பேட்டிலிருந்து அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதை நானா சொன்னேன்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அடுத்தவரைப் பற்றி இப்படி ஆகும்போது உறவு உடைகிறது. தன்னைப் பற்றியே இப்படி ஆகும்போது நீங்கள் சொல்கிற வெறுமை வருகிறது. முந்தைய நான்கள் எல்லாம் அந்நியர்களாகிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இந்த நிமிடம் எதிரில் இருப்பவர்தான். அவருடைய பேச்சையும் ரசனையும் எடுத்து உடுத்திக்கொள்வதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், குளிருக்குப் போர்த்திக்கொள்வது மாதிரி அது.

கெர்ன்பெர்க் வழியில் பயின்றவர்கள் முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: "உங்களைப் பற்றி எனக்கு விவரியுங்கள், உங்களுக்கு முக்கியமான ஒருவரைப் பற்றியும் விவரியுங்கள்." கேட்க எளிதாக இருக்கும். இழை அறுந்தவர்கள் "நல்லவர்", "மோசமானவர்", "எனக்குத் தெரியவில்லை" என்று மூன்று வார்த்தையில் நின்றுவிடுவார்கள், அல்லது நிறையப் பேசியும் கேட்பவர் மனதில் ஆளே உருவாகாது. நீங்கள் வீட்டில் இதைச் செய்து பார்த்து மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டாம். எதைத் தேடுகிறோம் என்று புரிவதற்காகச் சொன்னேன்.

ஏன் வருகிறது என்பதில் எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்கிறேன். மரபுக்குப் பங்கு உண்டு என்பது உறுதி. ஸ்வீடனின் மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்து 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அந்தப் பங்கை 46 சதவீதம் என்று கணக்கிட்டது. உங்கள் நோயில் 46 சதவீதம் மரபணு என்று இதைப் படிக்கக் கூடாது, ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் அவ்வளவு பங்கு என்றுதான் அர்த்தம். சிறுவயதுத் துன்பத்துக்கும் இதற்கும் தொடர்பு வலுவானது என்பதும் உறுதி. ஆனால் துன்பப்பட்ட எல்லாருக்கும் இது வருவதில்லை, இது வந்த எல்லாரும் துன்புறுத்தப்பட்டவர்களும் இல்லை. அதனால் "உன் பெற்றோர் என்ன செய்தார்கள்?" என்று தொடங்குகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். இந்த நோய்க்கு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கிய உளவியலாளர் மார்ஷா லினஹன் சொன்ன விளக்கம் எனக்குப் பயன்படுகிறது. பிறவியிலேயே உணர்ச்சி சீக்கிரம் பற்றிக்கொண்டு மெதுவாக அணைகிற ஒரு குழந்தை. "இதற்கெல்லாமா அழுவார்கள், உனக்கு ஒன்றும் வலிக்கவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்கிற சூழல். இரண்டும் சேர்ந்தால் அந்தக் குழந்தை தன் உணர்வைத் தானே நம்பாமல், என்ன உணர வேண்டும் என்று அடுத்தவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பழகுகிறது. இதுவும் ஒரு கோட்பாடுதான், நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிரில் இருப்பவராகவே மாறிவிடும் பழக்கத்தை இதைவிட நன்றாக விளக்கிய ஒன்றை நான் படித்ததில்லை.

இது தனி ஒரு நோய்தானா என்பதிலேயே சச்சரவு இருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு, ஆளுமைக் கோளாறுகளின் பழைய தனித்தனிப் பெயர்களை எடுத்துவிட்டு லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று அளவாகப் பிரிக்கிறது. பழைய பெயர்களில் 'பார்டர்லைன் பாங்கு' என்பதை மட்டும் கூடுதல் குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த முறையில் 'தான் யார்' என்ற உணர்வு எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பது எல்லா ஆளுமைக் கோளாறுக்கும் பொதுவான அளவுகோல்களில் ஒன்றாகிவிட்டது. நான் இந்த மாற்றத்தின் பக்கம்தான். பெயர் வேண்டும் என்ற உங்கள் தவிப்பும் புரிகிறது. ஆனால் உங்கள் நிலைமையில் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: எதிரில் கிடைக்கிற எதையும் அடையாளமாக எடுத்து உடுத்திக்கொள்கிறவருக்கு நோயின் பெயரும் ஓர் உடுப்பாகிவிடலாம். "நான் ஒரு பார்டர்லைன்" என்று அறிமுகம் செய்துகொண்டே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதங்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பழைய நம்பிக்கைகள் அதிகம் பொய்த்தன. அமெரிக்க ஆய்வாளர் மேரி ஸனரினி பார்டர்லைன் உள்ள 290 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், அதாவது லேசான நோயாளிகள் இல்லை. பத்து ஆண்டுகளில் அவர்களில் 93 சதவீதம் பேர் குறைந்தது இரண்டு ஆண்டு காலம் நோயின் வரையறைக்கு வெளியே இருந்தார்கள். நான் படித்த காலத்தில் 'ஆளுமைக் கோளாறு ஆயுளுக்கும் மாறாது' என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் முழுக் கணக்கையும் சொல்ல வேண்டும்: அறிகுறிகளும் தணிந்து, வேலையும் உறவும் நிலைபெற்று, நன்றாக வாழ்கிறார் என்று சொல்லும்படி ஆனவர்கள் பாதிப்பேர்தான். உடலைக் காயப்படுத்திக்கொள்வது போன்றவை முதலில் விடும். வெறுமை, கைவிடப்படும் பயம் போன்றவை மெதுவாகத்தான் போகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், ஒரு வருடம் சிகிச்சைக்குப் போயும் உள்ளே காலியாக இருக்கிறதே என்று நடுவில் விட்டுவிட மாட்டீர்கள்.

சிகிச்சை என்றால் இதில் பேச்சு சிகிச்சைதான் முதன்மை. லினஹனின் டி.பி.டி.யை (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். அவரே 17 வயதில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கே இருந்தவர், அதை 2011இல் தானே வெளியில் சொன்னார். பேட்மேன், ஃபோனகி இருவரின் எம்.பி.டி. (மென்டலைசேஷன் பேஸ்ட் ட்ரீட்மென்ட்), தன் மனதிலும் அடுத்தவர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று நின்று யோசிக்கப் பழக்குகிறது. அடையாளப் பிரச்சினை முன்னால் நிற்கிறவர்களுக்கு நான் அந்தப் பக்கம் சாய்வேன், இது என் விருப்பம்தான், ஆய்வின் தீர்ப்பு இல்லை. 2009இல் கனடாவில் 180 பேரை வைத்து, டி.பி.டி.யையும் இந்த நோயை அறிந்த மருத்துவர்கள் முறையாகச் செய்யும் பொதுச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். ஆகவே பெயர்பெற்ற முறை கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம். இந்த நோயைத் தெரிந்த, உங்கள் கோபத்தைப் பார்த்து ஓடாத, வாராவாரம் ஒரே நேரத்தில் அதே நாற்காலியில் இருக்கிற ஒருவர் போதும். மருந்தைப் பொறுத்தவரை, இந்தக் கோளாறையே குறிவைத்து அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. வலிப்புக்கும் பைபோலாருக்கும் தரும் லாமோட்ரிஜின் என்ற மருந்தின் மேல் பலருக்கு நம்பிக்கை இருந்தது, 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அது போலி மாத்திரையைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து தேவைப்படலாம், அதை மனநல மருத்துவர் பார்த்துச் சொல்வார். ஏற்கெனவே ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

உடலைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ சாகும் எண்ணமோ இருந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம். அருகில் உள்ள மருத்துவமனைக்கு இன்றே போங்கள், தனியாகப் போகாதீர்கள். பதிவில் எழுதாமல் விட்டது இதுவாக இருந்துவிடுமோ என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அது இல்லையென்றால், சந்திப்புக்குத் தேதி கிடைக்கும்வரை 'உண்மையான நானை'த் தேடும் வேலையை நிறுத்திவையுங்கள். தேடல் என்ற பெயரில்தான் ஒவ்வொரு முறையும் படிப்பும் ஆட்களும் மாறியிருக்கிறார்கள். அதற்குப் பதில் ரொம்பச் சின்னதாக, யாரையும் சேராத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் இருபது நிமிட நடை மாதிரி. பிடித்ததா இல்லையா என்று கேட்டுக்கொள்ளாமல், எந்த மனநிலையில் இருந்தாலும் அதைச் செய்துவிட்டு, அன்று எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். யாராவது ஒரு கருத்தைச் சொல்லி உடனே "ஆமாம், எனக்கும் அப்படித்தான்" என்று வாயில் வந்தால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று ஒத்திப்போட்டுப் பாருங்கள். மறுநாளும் அதே கருத்து இருந்தால் இருக்கட்டும். ஆரம்பத்தில் பதற்றமாக இருக்கும், எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்வார் என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் கவனிப்பதுகூட இல்லை.

டைரி விஷயம் ஒன்று பாக்கி. நீங்கள் அதைக் கிழிப்பது ஏன் என்று எனக்குப் புரிகிறது, அந்நியர் ஒருவர் எழுதியதை வீட்டில் வைத்திருப்பது போல உறுத்தும். அடுத்த முறை கை போகும்போது கிழிக்காமல் ஒரு உறையில் போட்டு ஒட்டி, நீங்கள் நம்புகிற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். திரும்ப எடுத்துப் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. முதல் அமர்வுக்குப் போகிற அன்று அதை வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். எங்கே தொடங்குவது என்று இருவருமே திணற வேண்டியிருக்காது.